பெயிண்ட் டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடி

போன செமஸ்டர் லீவுல மாமா வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய கியர் சைக்கிள் கிடைச்சது. அவர் காலேஜ் படிச்ச காலத்துல, 90களில் வாங்கினது. ரெண்டு டயரும் கிழிஞ்சு, செயின் துருப்பிடிச்சு ஒரே கட்டியா நின்னுச்சு. "எடுத்துக்கோடா, ஓடினா ஓட்டு" என்றார். மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற திமிர் நமக்கு. ரெண்டே நாள்ல உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, ஸ்ப்ரே பெயிண்ட் அடிச்சு, பளபளன்னு கொண்டுபோய் நிறுத்தினேன். மாமா சுத்திச் சுத்திப் பார்த்தார். "நல்லாத்தான்டா இருக்கு. சீட்டுக்குக் கீழே என் பேரு எழுதியிருந்துச்சே, அது எங்க?" என்று மட்டும் கேட்டார்.

அவர்கூடப் படிச்ச ஒருத்தர் கையால எழுதிக் கொடுத்த பேராம். எனக்குத் தெரியாது. தேய்ச்ச தூளெல்லாம் அப்பவே குப்பைக்குப் போயிருச்சு.

அந்தக் குற்ற உணர்ச்சியிலதான், பழைய சைக்கிளை முறையா மீட்டெடுக்கறவங்க எப்படிச் செய்யறாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். தேடத் தேட ஒரு தனி உலகமே திறந்துச்சு. 1970களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும் வந்த முதல் தலைமுறை மவுண்டன் பைக்குகளை, அந்தந்த வருஷத்து உதிரி பாகங்களை மட்டுமே போட்டு நிமிர்த்தறவங்க இருக்காங்க. நாம சிலபஸ்ல மார்க்குக்காகப் படிச்ச பாதி விஷயம் அங்க நிஜமாவே வேலைக்கு வருது. அதைத்தான் உங்ககிட்ட சொல்லப் போறேன்.

முதல்ல, இந்த வண்டிகள் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சாதான் அதோட பாகங்கள் ஏன் அப்படி இருக்குன்னு புரியும்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா, மரின் கவுண்டி, பைன் மலை. 1976 அக்டோபர் 21 அன்று அங்கே ஒரு மண் பாதையில் சில நண்பர்கள் ரேஸ் விட்டாங்க. ரேஸை நடத்தினவர்களில் முக்கியமானவர் சார்லி கெல்லி. வண்டிகள் எல்லாம் ஷ்வின் மாதிரி கம்பெனிகள் 1930, 40களில் செய்த, தடித்த டயர் போட்ட கனமான பழைய சைக்கிள்கள். அதுல பிரேக் கைப்பிடியில் கிடையாது. பெடலைப் பின்பக்கம் மிதிச்சா பின் ஹப்புக்குள்ளயே பிரேக் பிடிக்கும். சுமார் 3.4 கிலோமீட்டர் தூரத்தில் 400 மீட்டர் இறக்கம். கீழே போய்ச் சேர்றதுக்குள்ள ஹப்புக்குள்ள இருக்கிற கிரீஸ் எல்லாம் புகையா போயிடும். ஒவ்வொரு தடவையும் ஹப்பைப் பிரிச்சு மறுபடி கிரீஸ் திணிக்கணும். அதனாலதான் அந்தப் பாதைக்கே 'ரீபேக்'னு பேரு.

இது சும்மா கதையான்னு நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோன்னு வைங்க. எம்ஜிஹெச் போட்டா கிட்டத்தட்ட 390 கிலோஜூல். 30 டிகிரியில இருக்கிற ஒரு லிட்டர் தண்ணியைக் கொதிநிலைக்குக் கொண்டு போறதுக்கே 293 கிலோஜூல் போதும். காற்றுத் தடையில் கொஞ்சம் போனாலும், மிச்சமெல்லாம் கைக்குள்ள அடங்கற ஒரு ஹப்புக்குள்ள இறங்குது. கிரீஸ் புகையாம என்ன செய்யும்?

அந்த ரேஸ் ஓட்டினவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977-78இல் குரோமோலி எஃகுக் குழாய்களை வைச்சு, மலைப்பாதைக்குன்னே புதுசா பத்து சைக்கிள் செய்தார். அதில் முதல் வண்டி இன்னைக்கு வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கு. 1979இல் டாம் ரிட்சி பிரேம் கட்ட, கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 'மவுண்டன்பைக்ஸ்'ங்கற பேரில் விற்க ஆரம்பிச்சாங்க. 1981இல் மைக் சின்யார்டின் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி, டிம் நீனன் வடிவமைச்ச 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற வண்டியை ஜப்பானில் செய்து 750 டாலருக்கு விற்றது. கையால ஒவ்வொன்னா கட்டின காலம் போய், தொழிற்சாலையில் வரிசையா வந்த காலம் அங்க தொடங்குது.

இப்ப ஒரு கேள்வி. 1979இல் 'மவுண்டன் பைக் பார்ட்ஸ்'னு கடையில் கேட்டா என்ன கிடைச்சிருக்கும்? ஒண்ணுமே கிடைச்சிருக்காது. அப்படி ஒரு பொருளே அப்ப இல்லை. அதனால அந்த வண்டிகள் ஒரு கூட்டுக் குடும்பம் மாதிரி. பிரெஞ்சு நெடுந்தூரப் பயண சைக்கிளுக்காக டி.ஏ. கம்பெனி செய்த கிராங்க், ரெண்டு பேர் ஓட்டற டேண்டம் சைக்கிளுக்காக மாஃபாக் செய்த பிரேக், மோட்டார் சைக்கிளில் இருந்து எடுத்த மகுரா பிரேக் லிவர், ஜப்பானில் இருந்து சன்டூர் கியர். ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும் ஒரே துண்டா, முக்கோணமா வெல்டு பண்ணின 'புல்மூஸ்' மட்டும்தான் இந்த வண்டிக்குன்னே பிறந்த மாதிரி இருக்கும். 1982 வாக்கில்தான் ஷிமானோ 'டியோர் எக்ஸ்டி'ன்னு மலை சைக்கிளுக்கான முழு செட்டைக் கொண்டு வந்தது. அதுல மான் தலை முத்திரை இருக்கும், அதைப் பார்த்ததும் சேகரிப்பாளர்களுக்குக் கண்ணு விரியும்.

ஆக, காலத்துக்குப் பொருத்தமான பாகம்னா பழசா இருந்தா போதும்னு அர்த்தம் இல்லை. 1980 வண்டிக்கு 1987 எக்ஸ்டி போட்டா ரெண்டுமே பழசுதான், ஆனா அது பொய். ராஜராஜ சோழன் படத்துல நடிகர் கையில் வாட்ச் கட்டின மாதிரி. வாட்ச் எவ்வளவு பழைய மாடலா இருந்தா என்ன?

சரி, ஒரு பாகம் எந்த வருஷத்துதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? பழைய கம்பெனி கேட்லாக்குகள் ஒரு வழி. அதைவிட ருசியான வழி, பாகத்தின் மேலேயே இருக்கு. அந்தக் காலத்து ஷிமானோ பாகங்களின் பின்பக்கத்தில் பொடியா ரெண்டு ஆங்கில எழுத்து குத்தியிருப்பாங்க. முதல் எழுத்து வருஷம்: 1976தான் 'ஏ', 77 'பி', 78 'சி', இப்படியே போகும். ரெண்டாவது எழுத்து மாதம்: ஜனவரி 'ஏ', டிசம்பர் 'எல்'. அப்ப 'ஹெச்-சி'ன்னு இருந்தா? எண்ணிப் பாருங்க, 1983 மார்ச். ஆனா எழுத்து 26 தானே? 2001இல் 'இசட்' வந்து முடிஞ்சு, 2002இல் மறுபடி 'ஏ'. அதனால அதே 'ஹெச்-சி' 2009 மார்ச்சாகவும் இருக்கலாம். எழுத்தை மட்டும் நம்பாம பாகத்தின் வடிவத்தையும் பார்க்கணும். வண்டி 83இல் வந்ததுன்னா அதுல 82 கடைசி, 83 தொடக்கத்துப் பாகங்கள் இருந்தா சரி, ஏன்னா கம்பெனி கிடங்குல பாகம் சில மாசம் கிடந்துதானே வண்டியில் ஏறும்? எல்லாப் பாகத்திலும் ஒரே மாதம் இருந்தாதான் எனக்கு சந்தேகம் வரும்.

வண்டி கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, எதையும் செய்யாம இருக்கறது. நான் கோட்டை விட்டது இங்கதான். கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க. கேபிள் எந்தப் பக்கமா வளைஞ்சு போகுது, வாஷர் எத்தனை, எது உள்ளே எது வெளியே, எல்லாம். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் கவர், அதுல ஒரு சீட்டு. பால் பேரிங் குண்டைக்கூட எண்ணி வைங்க. போன முறை ஓவராயில் பண்ணினவர் ஒண்ணு ரெண்டு தொலைச்சிருக்கலாம், அதுவும் ஒரு தகவல்தான்.

கழட்டும்போது பெரும்பாலும் மாட்டறது சீட் போஸ்ட். எஃகுக் குழாய்க்குள் அலுமினிய போஸ்ட், நடுவுல நாற்பது வருஷ வியர்வையும் மழையும். முதல் வருஷம் கெமிஸ்ட்ரியில் கால்வானிக் செல் படிச்சோமே, அதேதான். அலுமினியம் அரிச்சு ஆக்ஸைடா மாறும்போது இடம் அதிகம் எடுக்கும். குழாய்க்குள்ள ஆப்பு அடிச்ச மாதிரி இறுகிடும். உடனே பைப் ரெஞ்ச் போட்டு முறுக்கினா, ஒண்ணு போஸ்ட் உடையும் இல்லைன்னா பிரேம் கோணும். வண்டியைத் தலைகீழா நிறுத்தி, பாட்டம் பிராக்கெட் பக்கமா ஊடுருவும் எண்ணெயை விட்டு, ரெண்டு மூணு நாள் மறந்துடுங்க.

அப்பவும் வரலைன்னா? "சூடு காட்டு, இரும்பு விரியும்"னு சொல்ல ஆள் வரும். இரும்பு விரியும்தான். ஆனா அலுமினியம் அதைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும். எஃகுக்கு ஒரு டிகிரிக்கு மில்லியனில் 12, அலுமினியத்துக்கு 23. ரெண்டையும் சேர்த்துச் சூடாக்கினா இன்னும் இறுகும். அதனால குளிரவைக்கணும். 27 மி.மீ. விட்டம், 50 டிகிரி குறைச்சா, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 0.015 மி.மீ. கேட்க அற்பம். ஆனா எண்ணெய் உள்ளே போக அந்த 15 மைக்ரான் போதும். காஸ்டிக் சோடா ஊத்தி அலுமினியத்தைக் கரைச்சு எடுக்கறவங்களும் உண்டு. ஹைட்ரஜன் வரும், கொதிக்கும், கண்ணுல பட்டா பார்வை போகும். அதுக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். ஒரிஜினல் போஸ்ட்டும் போயிடும்.

பாட்டம் பிராக்கெட்டில் இன்னொரு கண்ணி. இந்த வண்டிகளில் பெரும்பாலும் பிரிட்டிஷ் மரை, 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று. வலது பக்கக் கப்பில் இடது மரை, அதாவது கழட்ட கடிகாரச் சுற்றில் திருப்பணும். வழக்கம்போல எதிர்ச்சுற்றில் பலம் போட்டா கப் இன்னும் இறுகும், நாமதான் களைச்சுப் போவோம். ஏன் இப்படி வைச்சாங்க? குண்டுகள் உருளும்போது கப்பை அச்சு சுத்தற திசைக்கு எதிர்த் திசையில் மெல்லத் தள்ளிக்கிட்டே இருக்கும். சாதாரண மரையா இருந்தா ஓட்ட ஓட்டத் தானா கழண்டுடும். இடது பெடலுக்கும் இடது மரை இருக்கறது இந்த வகைக் காரணத்தாலதான்.

ஃப்ரீவீல் கழட்ட அதுக்குன்னே செய்த டூல் வேணும். சன்டூர் ஃப்ரீவீலில் ரெண்டு வெட்டு இருக்கிறதும் உண்டு, நாலு வெட்டு இருக்கிறதும் உண்டு. டூலை வைச்சு அச்சு நட்டால் லேசா பிடிச்சுக்கிட்டு, ஒரு அசைவு வந்ததும் நட்டைத் தளர்த்திட்டு மிச்சத்தைக் கழட்டணும். பிடிக்காம முறுக்கினா டூல் வழுக்கி வெட்டு மழுங்கிடும். அப்புறம் வீலையே வெட்ட வேண்டியதுதான்.

இப்ப அளவுகள். இந்தப் பகுதிதான் பலரை அழ வைக்கிறது. நம்ம ஊர் சைக்கிள் கடையில் '26 டயர்'னு கேட்டா என்ன தருவாங்க? சாதாரண சைக்கிளுக்கான 26 x 1 3/8 தரலாம். அதுக்கு ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 590 மி.மீ. மவுண்டன் பைக்கின் 26க்கு 559 மி.மீ. பேரு ஒண்ணு, 31 மி.மீ. வித்தியாசம். எந்தப் பழைய வண்டியிலும் பேரை நம்பாதீங்க, வெர்னியரை நம்புங்க. சீட் போஸ்ட் விட்டம் 0.2 மி.மீ. படிகளில் மாறும். ஃபோர்க்கின் கழுத்தில் உட்காரும் வளையத்துக்கு ஜப்பான் அளவு 27.0, இத்தாலி வழி வந்த அளவு 26.4. மாத்திப் போட்டா ஒண்ணு லொடலொடன்னு ஆடும், இன்னொண்ணை அடிச்சு ஏத்தும்போது உடையும். பின் சக்கரம் உட்காரும் இடைவெளி அஞ்சு கியர் காலத்தில் 120, ஆறு ஏழு வந்தபோது 126, அப்புறம் 130, பிறகு 135 மி.மீ. எஃகு பிரேம்தானே, கையால விரிச்சு 135 ஹப்பை உள்ளே தள்ளிடலாமேன்னு தோணும். முடியும். சாதாரண வண்டின்னா நானே செய்வேன். அபூர்வ வண்டியில் செய்தா அந்த பிரேம் சொல்ற வருஷத்தையே நீங்க அழிச்சுட்டீங்க.

பெயிண்டுக்கு வருவோம், எனக்கு வலிக்கிற இடம்.

பழைய பெயிண்ட் அழகுக்கு மட்டும் இல்லை, அது ஒரு அளவுமானி. பிரேமின் கீழ்க் குழாய் ஹெட் டியூபோட சேரும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னாடி, அடிப்பக்கமா விரலால் தடவிப் பாருங்க. பெயிண்டில் சுருக்கமோ முடி மாதிரி கீறலோ தட்டுப்பட்டா, வண்டி என்னைக்கோ எதிர்ல எதுலயோ மோதியிருக்கு. குழாய் வளைஞ்சதைக் கண் பார்க்காது, ஆனா பெயிண்ட் காட்டிக் கொடுத்துடும். அழுத்தப் பகுப்பாய்வில் நொறுங்கும் பூச்சு ஒண்ணைப் பூசி, விரிசல் எங்க விழுதுன்னு பார்க்கற முறை இருக்கே, அதே தத்துவம். புதுசா பெயிண்ட் அடிச்ச பிரேமை யாராவது 'அபூர்வம்'னு விற்க வந்தா, அவர் எதை மறைக்கிறார்னு கேட்க எல்லா உரிமையும் உங்களுக்கு இருக்கு.

அதனால இந்த ஆட்கள் முடிஞ்சவரை பெயிண்டைத் தொடறதில்லை. சோப்புத் தண்ணி, மெல்லிய துணி, மெழுகு. பிரேமில் துருப்பிடிச்ச இடத்துக்கு மட்டும் தனி வைத்தியம். தனியா கழட்டின எஃகு போல்ட், நட்டு இதுக்கெல்லாம் ஆக்ஸாலிக் அமிலம். மரவேலைக்காரங்க கறை எடுக்கப் பயன்படுத்தற அதே பொடிதான். ஒரு லிட்டருக்கு 20-30 கிராம், சில மணி நேரம் ஊறல். துருவை இரும்பு ஆக்ஸலேட்டா கரைச்சு இழுத்துடும். எடுத்ததும் தண்ணியில் அலசி, சமையல் சோடா கரைசலில் முக்கி, உடனே துடைச்சு எண்ணெய் பூசணும், இல்லைன்னா கண்ணு முன்னாடியே மறுபடி செம்மண் நிறம் வரும். இது விஷம். கையுறை, கண்ணாடி கட்டாயம், ஹாஸ்டல் பக்கெட்டுல கரைக்காதீங்க. அலுமினியப் பாகத்தை உள்ளே போடாதீங்க. ஸ்டிக்கர் மேல படவே கூடாது. பெயிண்ட் போனா இன்னொரு கோட்டிங் வரும், ஒரிஜினல் ஸ்டிக்கர் போனா வர்றது நகல்தான்.

இனி உண்மையிலேயே தலைக்கு மேல கத்தி தொங்கற விஷயம். இந்த வண்டியை ஓட்டப் போறீங்களா, சுவரில் மாட்டப் போறீங்களா?

எஸ்-என் வளைவு நினைவிருக்கா? எஃகுக்கு ஒரு எல்லை உண்டு. அந்த அழுத்தத்துக்குக் கீழே எத்தனை லட்சம் தடவை ஆட்டினாலும் களைப்பால் முறியாது. அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது. சின்ன அழுத்தமா இருந்தாலும் கணக்கு ஏறிக்கிட்டே போகும். நாற்பது வருஷத்துக்கு முன்னாடி யார் எவ்வளவு ஓட்டினாங்கன்னு உங்களுக்குத் தெரியாத ஒரு அலுமினிய ஹேண்டில்பாரை, அலுமினிய ஸ்டெம்மை, நீங்க நம்பி மலை இறங்கப் போறீங்க. அது வளைஞ்சு எச்சரிக்காது. பட்டுனு போகும், முகம் தரையில இருக்கும். எஃகு புல்மூஸ் இந்த விஷயத்தில் கொஞ்சம் நிம்மதி, அதிலும் வெல்டிங் ஓரங்களைப் பார்க்கணும். அலுமினிய கிராங்கில் பெடல் ஏறும் கண்ணைச் சுற்றியும், கை மையத்தோட சேரும் மூலையிலும் விரிசல் தொடங்கும். நம்ம லேப்ல டை பெனட்ரன்ட் டெஸ்ட் பண்ணினோமே, சிவப்புச் சாயம் பூசி, துடைச்சு, வெள்ளை டெவலப்பர் அடிச்சு? அதை நிஜமா ஒரு உயிரைக் காப்பாத்தப் பயன்படுத்தற இடம் இதுதான். சிவப்புக் கோடு தெரிஞ்சா அந்தப் பாகம் எவ்வளவு அபூர்வமா இருந்தாலும் வண்டியில் ஏறக் கூடாது.

இதுக்கு சேகரிப்பாளர்களிடம் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கு. ரெண்டு செட். ஒரிஜினல் பாகங்கள் சீட்டு ஒட்டி ஒரு பெட்டியில். ஓட்டும்போது அதே அளவில், அதே தோற்றத்தில் புது ஹேண்டில்பார், புது ஸ்டெம். யாராவது "இது ஒரிஜினலா?"ன்னு கேட்டா பெட்டியைக் காட்டி உண்மையைச் சொல்லலாம். தேயற பொருள்களை, அதாவது கேபிள், பிரேக் ரப்பர், டியூப், செயின், இதையெல்லாம் யாரும் கணக்கில் எடுக்கறதே இல்லை. பழைய பிரேக் ரப்பர் கல்லா இறுகியிருக்கும், அதைப் போட்டு ஓட்டறது வீரம் இல்லை. டயரும் அப்படித்தான். ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளை காற்றில் இருக்கிற ஓசோன் வெட்டிக்கிட்டே வரும், பக்கச் சுவரில் வரி வரியா வெடிப்பு தெரியும். ஒரு பக்கம் காற்றே போகாத அழகான பழைய டயர் கிடைச்சாலும் அது காட்சிக்கு மட்டும்.

அந்தக் காலத்துப் பாகங்களுக்கே உரிய குறைகளையும் ஏத்துக்கத்தான் வேணும். 80களின் நடுவில் பின் பிரேக்கை பெடலுக்குப் பின்னாடி, கீழ்க் குழாய்களுக்கு அடியில் வைக்கிற ஒரு ஃபேஷன் வந்தது. சேறு எல்லாம் நேரா அங்கதான் போய் அடையும். யாருக்கும் பிடிக்காம சில வருஷத்தில் போயிடுச்சு. ஆனா 1987 வண்டின்னா அது அங்கதான் இருக்கணும். திருத்தக் கை துறுதுறுக்கும். விடுங்க.

மாட்டும்போது எல்லா மரையிலும் கிரீஸ், சீட் போஸ்ட்டில் தாராளமா. பிரேம் குழாய்க்குள்ள எண்ணெய் விட்டுச் சுத்தி எல்லாப் பக்கமும் படவிடுங்க. வீலைக் கோட்டம் எடுங்க, பழைய ஸ்போக் நிப்பிளுக்கு முந்தின நாளே ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருந்தா திரும்பும், இல்லைன்னா ஸ்போக் முறுக்கிக்கும். முதல் ஓட்டம் சமதளத்தில், மெதுவா, அஞ்சு கிலோமீட்டர் போதும். திரும்பி வந்ததும் கிராங்க் போல்ட் ரெண்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்க, சதுர அச்சில் கிராங்க் இன்னும் கொஞ்சம் உள்ளே ஏறியிருக்கும். அதைக் கவனிக்காம ஓட்டினாதான் அந்தச் சதுர ஓட்டை வட்டமாகி கிராங்க் வீணாகும்.

மாமா சைக்கிள் இப்ப என்கிட்டதான் இருக்கு. போன வாரம் பின் ஹப்பைப் பிரிச்சேன். உள்ளே ஒன்பது குண்டு இருக்க வேண்டிய பக்கம் எட்டுதான் இருந்துச்சு. போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். "அது நான் தொலைச்சதுடா, செகண்ட் இயர்ல" என்று பதில் வந்தது.